மழைக்காடும் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காடு பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ஒரு கட்சிக்கு ஒரு மரத்தைத் தொட்டாலும் பாவம். இன்னொரு கட்சிக்கு, காட்டைக் கட்டிக்கொண்டு அழுதால் ஏழை நாடுகள் எப்போது முன்னேறுவது என்ற கோபம். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும்.

வெப்பமண்டல மழைக்காடு என்று எதைச் சொல்கிறோம்?

பூமத்திய ரேகையை ஒட்டி, ஆண்டு முழுக்க வெப்பமும் மழையும் இருக்கிற இடங்களில் வளரும் பசுமைமாறாக் காடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை அங்கே சாதாரணம். மூன்று பெரிய தொகுதிகள்: தென் அமெரிக்காவின் அமேசான், மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ படுகை, போர்னியோ, சுமத்ரா, நியூகினி தீவுகளை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி. மத்திய அமெரிக்கா, மடகாஸ்கரின் கிழக்குச் சரிவு என்று சிறிய துண்டுகளும் உண்டு. அமேசான் காட்டில் சுமார் 60 சதவீதம் பிரேசிலுக்குள் இருப்பதால், பிரேசிலில் யார் ஆட்சிக்கு வருகிறார்கள் என்பதை உலகமே கவனிக்கிறது.

இவ்வளவு அடர்த்தியாக மரம் வளர்கிறது என்றால் மண் பொன் விளையும் மண்ணாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் பலரும் நினைத்தார்கள், பணத்தையும் கொட்டினார்கள். பெரும்பாலான மழைக்காட்டு மண் சத்தில்லாத மண். லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை அடித்து அடித்துச் சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இருக்கிற சத்து மரங்களின் உடம்பில்தான் இருக்கிறது. இலை விழுந்து மக்கியதுமே வேர்களும் அவற்றோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் குடும்பம் மாதிரி, மண்ணில் சேமிப்பு என்று ஒன்று இல்லை. வெட்டி எரித்தால் சாம்பலின் தயவில் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக விளையும். பிறகு விளைச்சல் சரிந்து நிலம் மேய்ச்சலுக்குப் போகும், கடைசியில் கைவிடப்படும். ஜாவா போன்ற எரிமலை மண் உள்ள இடங்கள் இதற்கு விதிவிலக்கு.

மண்ணைப் படிக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதை போதும். 1928-ல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அமேசானில் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் நகரத்தையே கட்டினார். ரப்பர் மரத்தின் பிறந்த மண்தான் அது. ஆனால் காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரத்தை நெருக்கி வரிசையாக நட்டதும் இலைக்கருகல் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி அழித்துவிட்டது. 1945-ல் நிலத்தைப் பிரேசில் அரசிடமே திருப்பி விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டாவது கதை இந்தோனேசியாவில். 1990-களின் நடுவில், சுகார்த்தோ ஆட்சியில், மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல் வயலாக்கப் போகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். அங்கே தரைக்குக் கீழே இருந்தது மக்கியும் மக்காமலும் கிடந்த தாவரக் குவியல், அதாவது பீட். தண்ணீர் வடிந்ததும் அது காய்ந்தது, 1997 வறட்சியில் தீப்பிடித்தது. நெல் பெரிதாக விளையவில்லை. அந்த நிலம் இன்றும் வறட்சி வந்தால் புகைகிறது.

அமேசான் உலகின் நுரையீரலாமே, 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறதாமே?

இல்லை. முதிர்ந்த காடு தான் வெளியிடும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதும் தானே செலவழித்துவிடுகிறது. மரங்கள் இரவு பகலாகச் சுவாசிக்கின்றன, மக்கும் இலைகளும் ஆக்சிஜனைத் தின்கின்றன. நிகரக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். தப்பான காரணத்துக்காகக் காட்டைக் காப்பாற்றச் சொன்னால், எதிரே இருப்பவர் அந்த ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். இந்த வாசகத்தை விட்டுவிடுவது நல்லது.

உண்மையான காரணங்கள் கார்பனும் மழையும் உயிர்வகைகளும். கார்பனுக்கு ஓர் உதாரணம்: காங்கோ படுகையின் நடுவே உள்ள பீட் சதுப்பில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் புதைந்திருக்கிறது என்று 2017-ல்தான் கணக்கிட்டார்கள். உயிர்வகைக்கு இன்னொன்று: மேற்கு அமேசானில் சில இடங்களில் ஒரே ஹெக்டேருக்குள் 300-க்கும் மேற்பட்ட மர இனங்கள் நிற்கின்றன.

மழையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ச்சிவாதிகளின் சட்டைப்பையைத் தொடும் விஷயம் அது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அமேசானின் கிழக்கே மழையாகப் பெய்கிறது. அந்த நீரை மரங்கள் வேரால் இழுத்து இலை வழியே ஆவியாக விடுகின்றன. அது மேற்கே நகர்ந்து மறுபடி பெய்கிறது, மறுபடி ஆவியாகிறது. இப்படி அமேசான் தன் மழையில் பெரும்பங்கைத் தானே சுழற்றிக்கொள்கிறது என்பதைப் பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி 1970-களில் காட்டினார். அந்த ஈரம் ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பிப் பிரேசிலின் விளைநிலங்களுக்கும் நீர்மின் அணைகளுக்கும் போய்ச் சேர்கிறது. பறக்கும் ஆறுகள் என்று அங்கே இதைச் சொல்கிறார்கள். காட்டை வெட்டி சோயா போடுகிற விவசாயி, பக்கத்து மாநில சோயாவின் மழையைத்தான் வெட்டுகிறார்.

உண்மையில் காட்டை யார் அழிக்கிறார்கள்? மரக்கம்பெனிகளா?

இடத்துக்கு இடம் ஆள் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் தீர்வு பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

அமேசானில் முதல் குற்றவாளி மாடு. அழிந்த காட்டின் பெரும்பகுதி இன்று மேய்ச்சல் நிலம். ஆனால் இறைச்சி லாபம் மட்டும் இதை விளக்காது, ஒரு ஹெக்டேரில் ஒரு மாடு மேய்வதே அங்கே பெரிய விஷயம். மாடு ஓர் அத்தாட்சி. அரசுப் புறம்போக்குக் காட்டை வெட்டி, புல் விதைத்து, நாலு மாட்டை விட்டால் நிலத்தை அனுபவிக்கிறேன் என்று காட்டலாம், சில ஆண்டில் பட்டா கேட்கலாம், விலை ஏறியதும் விற்கலாம். போலிப் பத்திரத்தைச் சில்வண்டுகளோடு பெட்டிக்குள் போட்டு மூடிவைத்து, பழைய பத்திரம் போல மஞ்சளாக்கும் தந்திரம் அங்கே பிரசித்தம். நிற்கும் காட்டுக்குப் பட்டா கிடையாது, கடன் கிடையாது. வெட்டிய நிலத்துக்கு இரண்டும் கிடைக்கும். என்னைக் கேட்டால் காடழிப்பின் பாதிக் கதை இந்த இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

இதற்கு வழி திறந்துவிடுவது சாலை. அமேசானில் நடந்த காடழிப்பில் சுமார் 95 சதவீதம் ஏதாவதொரு சாலையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ, ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் நடந்திருக்கிறது என்று ஓர் ஆய்வு கண்டது. ரொண்டோனியா மாநிலத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்: நடுவே நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் கிளைச்சாலைகள், மீன் முள் போலவே இருக்கும்.

தென்கிழக்கு ஆசியாவில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம், காகிதக் கூழுக்கான மரத்தோட்டம். மேற்கு ஆப்பிரிக்காவில் கோக்கோ. 1960-களுக்குப் பிறகு ஐவரி கோஸ்ட் தன் காட்டில் பெரும்பகுதியை இதற்கே இழந்தது. பெருவிலும் பிரேசிலிலும் ஆற்றுப்படுகைகளில் பாதரசம் கலந்து தங்கம் அள்ளும் சட்டவிரோதச் சுரங்கங்கள். யனோமாமி பழங்குடிப் பகுதியில் நிலைமை முற்றி 2023 ஜனவரியில் பிரேசில் அரசு சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

காங்கோ வேறு கதை. அங்கே வெட்டுபவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், அப்புறம் நகரங்களுக்கு அடுப்புக்கரி சுடுபவர்கள். மின்சாரமும் சமையல் எரிவாயுவும் எட்டாத வீடுகளுக்கு வேறு அடுப்பு இல்லை. பிரேசிலில் சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டிய இடத்தில், காங்கோவில் அடுப்பு கொடுக்க வேண்டும்.

காட்டைக் காத்தால் வளர்ச்சி நின்றுவிடாதா?

இதற்குக் கோட்பாட்டைவிட நடந்த கதையே நல்ல பதில். 2004-ல் பிரேசில் அமேசானில் ஒரே ஆண்டில் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012-ல் அது 4,600-க்கும் கீழே வந்தது. எட்டு ஆண்டில் 80 சதவீதத்துக்கும் மேலான சரிவு. அதே காலத்தில் நாட்டின் சோயாவும் மாட்டிறைச்சியும் கூடின, குறையவில்லை.

எப்படிச் செய்தார்கள்? 2003-ல் சுற்றுச்சூழல் அமைச்சரான மரினா சில்வா, அமேசானில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர், பல அமைச்சகங்களை ஒரே மேசைக்கு இழுத்து ஒரு திட்டம் போட்டார். நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் காடு வெட்டுவதைச் செயற்கைக்கோளில் பார்த்து அவ்வப்போது எச்சரிக்க, வன அதிகாரிகள் அபராதப் புத்தகத்தோடு நேரே அந்த இடத்துக்குப் போனார்கள். எந்திரங்களும் மாடுகளும் பறிமுதல் ஆயின. 2006-ல் பெரிய சோயா வணிகர்கள், புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள்; அதற்கு முன்பு அமேசானில் சோயா விரிவாக்கத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காட்டை அழித்து வந்தது, 2014-க்குள் அது 1 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. 2008-ல் வந்த ஒரு விதி எல்லாவற்றையும்விடக் கூர்மையானது என்பேன்: சுற்றுச்சூழல் சட்டத்தை மதிக்கிறேன் என்று காட்டாத பண்ணைக்கு அமேசானில் வேளாண் வங்கிக் கடன் கிடையாது. எந்த மேடைப் பேச்சும் செய்யாத வேலையை அந்த விதி செய்தது.

ஓட்டை இல்லையா என்றால், இருந்தது. அமேசானில் அடைத்த கதவுக்குப் பதிலாகப் பக்கத்திலிருக்கும் செராடோ புல்வெளிக் காட்டில் சோயா நுழைந்தது. பிறகு ஆட்சி மாறியது, கண்காணிப்பு தளர்ந்தது, 2021-ல் இழப்பு 13,000 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. 2023-ல் மரினா மறுபடி அமைச்சரானார், 2025 கணக்கில் அது 5,800-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரே நாடு, ஒரே மண், அதே விவசாயிகள். ஏறுவதும் இறங்குவதும் தலைநகர் பிரேசிலியாவில் எடுத்த முடிவுகளோடு ஒட்டிப்போகிறது.

பணக்கார நாடுகள் தங்கள் காட்டை வெட்டித்தானே பணக்காரர் ஆனார்கள்? இப்போது மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி?

தகுதி இல்லை, அதனால்தான் காடு வைத்திருக்கும் நாடுகள் அவர்களிடம் பணம் கேட்கின்றன. கேள்வி நியாயமானது, ஆனால் அதன் முடிவு நாங்களும் வெட்டுவோம் என்பதாக இருக்கத் தேவையில்லை.

ஈக்வடார் 2007-ல் ஒரு பேரம் வைத்தது. யசூனி தேசியப் பூங்காவின் அடியில் எண்ணெய் இருக்கிறது, எடுக்காமல் விடுகிறோம், இழப்பில் பாதியாக 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்றது. வந்து சேர்ந்தது அதில் மிகச் சிறு பங்குதான். 2013-ல் பேரத்தைக் கைவிட்டார்கள், எண்ணெயும் எடுத்தார்கள். உபதேசத்துக்கும் காசோலைக்கும் உள்ள தூரம் இவ்வளவு. ஆனால் 2023 ஆகஸ்டில் ஈக்வடார் மக்களே வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெயைத் தரைக்குள்ளேயே விடச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பணத்தால் வராத முடிவை உள்ளூர் வாக்குச்சீட்டு எடுத்தது.

எல்லாம் தோல்வி என்றும் சொல்ல முடியாது. காட்டைக் காக்கப் பிரேசில் 2008-ல் தொடங்கிய அமேசான் நிதிக்கு நார்வே பெரும்பணம் கொடுத்தது. காடழிப்பு குறைந்த பிறகு, அந்தக் குறைவைக் காட்டித்தான் பணம் வாங்க முடியும். 2025 நவம்பரில் தன் பெலேம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டை ஒட்டிப் பிரேசில் இன்னொரு நிதியைத் தொடங்கியிருக்கிறது. பெருந்தொகையை முதலீடு செய்து, அதன் வருவாயிலிருந்து நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர் அளவுக்குக் கொடுப்பது திட்டம். தொகை சின்னது. ஆனாலும் வெட்டாமல் இருப்பதற்கு ஆண்டுதோறும் வாடகை என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்பன் கிரெடிட் வாங்கினால் காடு பிழைக்குமா?

சந்தேகத்தோடு பாருங்கள். கார்பன் கிரெடிட் என்பது, தான் விடும் புகைக்கு ஈடாக ஒரு கம்பெனி காசு கொடுத்து வாங்கும் சீட்டு. ஒரு காட்டுத் திட்டம், நாங்கள் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கைக் காட்டி, அந்த வித்தியாசத்தைக் கிரெடிட்டாக விற்கிறது. யாரும் வெட்டப்போகாத காட்டைக் காப்பாற்றினேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! 2023-ல் வந்த ஆய்வுகள், இத்தகைய பல திட்டங்கள் உண்மையில் தடுத்ததைவிட மிக அதிகமாகக் கணக்குக் காட்டியதாகச் சொன்னதும் அந்தச் சந்தை ஆட்டம் கண்டது. தனித்தனித் துண்டுக்குக் கணக்கு எழுதாமல், ஒரு மாநிலம் அல்லது நாடு முழுவதற்கும் செயற்கைக்கோள் அளவை வைத்துப் பணம் கொடுக்கும் முறையில் ஏமாற்ற இடம் குறைவு. ஒரு காட்டைக் காத்துப் பக்கத்துக் காட்டை வெட்டும் வேலையும் அதில் பலிக்காது.

பாமாயிலைப் புறக்கணித்தால் போதுமா?

போதாது, சிக்கல் கூடவும் கூடும். ஒரு ஹெக்டேர் செம்பனை மூன்று முதல் நாலு டன் எண்ணெய் தரும். சோயா அரை டன்னைத் தாண்டுவதே பாடு. உலகம் அதே அளவு எண்ணெயை வேறு பயிரிலிருந்து எடுக்கப் புறப்பட்டால் இன்னும் பல மடங்கு நிலம் கேட்கும். எங்கே நடுகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிக் கைவிட்ட நிலத்தில் நட்டால் பெரிய குறை சொல்ல மாட்டேன், பீட் சதுப்பை வடித்து நட்டால் மன்னிப்பே இல்லை. 2015-ல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து, புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூச்சை அடைத்தது. நட்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அதற்குப் பிறகு பீட் நிலத்தில் கட்டுப்பாடுகள் இறுகின, முதுகாட்டுக்கு, அதாவது வெட்டுப்படாத பழைய காட்டுக்கு, புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்திவைத்திருந்த 2011 ஆணை 2019-ல் நிரந்தரமானது. 2016-க்குப் பிறகு அங்கே இழப்பு கணிசமாகக் குறைந்தது என்பது பலருக்கும் தெரியாத நல்ல செய்தி.

காட்டுக்குள் இருக்கும் மக்களை வெளியேற்றிவிட்டு வேலி போடுவதுதானே பாதுகாப்பு?

பல இடங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். மக்கள் நாதியற்றுப் போனார்கள், காவலுக்கு ஆளில்லாத காடும் பிழைக்கவில்லை. பிரேசிலில் 1990-க்கும் 2020-க்கும் இடையில் பழங்குடி நிலங்கள் இயற்கைத் தாவரத்தில் சுமார் 1 சதவீதத்தை இழந்தன. தனியார் நிலங்கள் 20 சதவீதத்தை இழந்தன. அந்த நாட்டின் 1988 அரசியலமைப்பே பழங்குடிகளின் நில உரிமையை ஏற்கிறது.

அதே 1988 டிசம்பரில்தான் அக்ரே மாநிலத்தில் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மரத்தை வெட்டாமல் பால் எடுத்தும் கொட்டை பொறுக்கியும் வாழும் எங்களுக்கு இந்தக் காட்டை ஒதுக்குங்கள் என்று கேட்டது பண்ணையார்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் கேட்ட மாதிரியான காப்பகங்கள் 1990-ல் வந்தன, ஒன்றுக்கு அவர் பெயரே வைத்தார்கள். பிரேசில் கொட்டை இதற்குச் சரியான பயிர்: பெரிய தேனீக்கள் மகரந்தம் சேர்க்க வேண்டும், அகூட்டி என்ற கொறிவிலங்கு ஓட்டைக் கடித்து விதையைப் புதைக்க வேண்டும், அதனால் காடு நின்றால்தான் காய்க்கும். ஆனால் ரப்பரும் கொட்டையும் விற்று வரும் காசு குறைவு, மாட்டின் ஆசை விடவில்லை, அந்தக் காப்பகத்துக்குள்ளேயே இன்று மேய்ச்சல் நிலம் பரவுகிறது. ஆகவே உரிமை கொடுத்தால் மட்டும் போதாது, பொருளுக்கு விலையும் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் மரமே வெட்டக்கூடாதா?

வெட்டலாம். ஹெக்டேருக்குச் சில மரம் மட்டும் தேர்ந்தெடுத்து, பக்கத்து மரம் நொறுங்காமல் சாய்த்து, பல பத்தாண்டுகள் அந்தப் பக்கம் போகாமல் விட்டால் காடு காடாகவே இருக்கும். சுமார் 88 சதவீதம் காடாக உள்ள காபோன் 2010-ல் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்து, ஒட்டுப்பலகையும் அறுத்த மரமும் நாட்டுக்குள்ளேயே செய்யச் சொன்னது. குறைந்த மரத்தில் அதிக வேலை என்பது கணக்கு. பயம் என்னவென்றால், லாரி போட்ட பாதையைத்தான் பின்னால் வேட்டைக்காரரும் நில அபகரிப்பவரும் பயன்படுத்துவார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பாதையை மூடாத கம்பெனியை நம்பாதீர்கள்.

வெட்டிய காட்டை மரம் நட்டுத் திரும்பக் கொண்டுவர முடியாதா?

பாதி முடியும். வேர்க்கட்டையும் விதையும் மிச்சமிருந்து, பக்கத்தில் தாய்க்காடும் இருந்தால், சும்மா விட்டாலே போதும், நட வேண்டியதுகூட இல்லை. தென், மத்திய அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின்படி, இப்படி மீளும் காடு இருபது ஆண்டில் பல அளவுகோல்களில் முதுகாட்டின் முக்கால்பங்கை எட்டிவிடுகிறது. ஆனால் மொத்த எடையும் அதே இனங்களும் திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆகும். ஒரே இன யூகலிப்டஸை வரிசையாக நட்டுக் காடு வளர்த்தோம் என்பது வேறு தொழில்.

கோஸ்டாரிகா சொல்லவேண்டிய உதாரணம். அங்கேயும் ஒரு காலத்தில் காட்டை வெட்டினால்தான் நிலத்தைப் பண்படுத்தியதாகக் கணக்கு. 1980-களில் நாட்டில் காடு கால்வாசிக்குச் சுருங்கியது, இன்று பாதிக்கு மேல். 1996 சட்டம் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டிலிருந்து எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை வைத்திருக்கும் நிலக்காரருக்கே கொடுத்தார்கள். மாட்டிறைச்சி விலை சரிந்ததும் சுற்றுலா வளர்ந்ததும் கைகொடுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஏமாறும் நாடுகள் வரும்.

இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?

அமேசானில் 20 முதல் 25 சதவீதம் அழிந்தால், வெப்பமும் தீயும் சேர்ந்து, மழைச்சுழற்சி அறுந்து பெரும்பகுதி வறண்ட புல்காடாக மாறலாம் என்று விஞ்ஞானிகள் தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018-ல் எச்சரித்தார்கள். இதுவரை சுமார் 17 சதவீதம் போயிருக்கிறது. எல்லை சரியாக எங்கே என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. ஆனால் தென்கிழக்கு அமேசான் இப்போதே உறிஞ்சுவதைவிட அதிகக் கார்பனை வெளியிடுகிறது என்று விமானத்தில் காற்று மாதிரி எடுத்து 2021-ல் காட்டிவிட்டார்கள்.

2024 இன்னும் மோசம். உலகெங்கும் 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டல முதுகாடு போனது, முந்தைய ஆண்டைவிட 80 சதவீதம் அதிகம், கிட்டத்தட்ட பாதிக்குத் தீ காரணம். பிரேசிலில் வெட்டு குறைந்தது என்று மேலே சொன்னேன், அதுவும் உண்மை, இதுவும் உண்மை. அரசின் அந்தக் கணக்கு அடியோடு வெட்டியதை எண்ணுகிறது, வறட்சியில் எரிந்துபோனதையெல்லாம் எண்ணுவதில்லை. கோடாரியை நிறுத்தச் சட்டம் போதும். நெருப்பை நிறுத்த உலகமே பெட்ரோலையும் நிலக்கரியையும் குறைக்க வேண்டியிருக்கிறது, அது பிரேசிலியாவின் கையில் மட்டும் இல்லை.

தனி ஆளாக நான் என்ன செய்வது?

மாட்டிறைச்சி சாப்பிடுபவர் குறைத்தால் கணக்கில் ஏறும், மற்றதெல்லாம் சில்லறை. அதைவிட, நீங்கள் பணம் போட்டிருக்கும் வங்கியும் ஓய்வூதிய நிதியும் யாருக்குக் கடன் கொடுக்கின்றன என்று கேளுங்கள். பிரேசிலின் 2008 விதி எங்கே கைவைத்தது என்று நினைவிருக்கும்தானே. உங்கள் அரசின் இறக்குமதி விதியையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது: மாடு, கோக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பொருள்களும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளையவில்லை என்று நிலத்தின் இடக்குறியீட்டோடு காட்ட வேண்டும். அமலாகும் தேதியை இதுவரை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள். தள்ளச் சொல்லிக் கதவைத் தட்டியவர்கள் நிறையப் பேர், தள்ளாதே என்று எழுதியவர்கள் குறைவு.